சத்தம் போடாத காடி

ஹைதர் கடை வாசலில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மூன்றாவது தடவையாக உதறிக்கொண்டு அணைந்தபோது, கார்த்திகேசுவுக்குக் காது மடல்வரை சூடேறிவிட்டது. பதினோரு வருஷம் ஓட்டிய கார். கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஓட்டுவார் என்று மாக் மண்டினில் இருக்கும் அவர் பட்டறை ஆட்கள் பந்தயம் கட்டுவார்கள். அதைப் பின்பக்கக் கொட்டகைவரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும், இருபதடி தூரம்தான். கிளட்சை விடும்போது கார் ஒரு குதி குதிக்கும், செத்துப்போகும். முதல் நாள் லைசென்ஸ் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு நடப்பது இது. செபராங் ஜெயாவில் பழைய கார் வாங்கி விற்கிற ஹைதர், தே தாரிக் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்று சிரித்தார்.

“காடிக்கே மனசில்ல அண்ணே. உங்கள விட்டுப் போமாட்டேங்குது பாருங்க.”

கார்த்திகேசுவும் சிரித்துவைத்தார். மனசாவது மண்ணாவது. கிளட்ச் மேல் வைத்திருந்த தன் இடது கால் எந்த அளவுக்கு அமுங்கியிருக்கிறது, எந்த அளவுக்கு மேலே வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கால் அங்கேதான் இருந்தது. குனிந்து பார்த்தால் ஷூவும் தெரிந்தது. ஆனால் அந்தக் கால் வேறு யாருடையதோ மாதிரி சும்மா கிடந்தது. இதைத் தவிர விஷயம் வேறு ஒன்றும் இல்லை. இதை ஹைதரிடம் சொல்ல முடியுமா? கட்டிய பெண்டாட்டியிடமே சொல்லவில்லை. கடைசியில் ஹைதரே ஏறி உட்கார்ந்து, ஒரே மூச்சில் கொட்டகைக்குள் கொண்டுபோய் விட்டார். அந்த உறுமல் சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பிவந்து, பிறகு ஒரேயடியாக நின்றது.

காரை மாற்றுவதற்கு வெளியே சொன்ன காரணம் வேறு. அந்தக் கார் இரண்டு பேர் உட்காருகிற ஜப்பான் கார், தரையோடு தரையாக இருக்கும். மனைவி புஷ்பவள்ளிக்கு முழங்கால் வலி வந்த பிறகு அதில் ஏறுவதும் இறங்குவதும் பெரிய கூத்து. முதலில் உடம்பைச் சீட்டில் போடுவாள், பிறகு ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பாள். இறங்க ஆள் கைகொடுக்க வேண்டும். ஜெலுத்தோங்கில் அவர்கள் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். இப்போது மகள் காமினிக்கு ஏழு மாசம். ஈப்போவிலிருந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். அவளை அந்தப் பள்ளத்தில் உட்காரவைக்க முடியுமா? அதனால் சொகுசாக, தோல் சீட்டும் உயரமான கதவுமாக, பின்னாலும் ஆள் உட்காருகிற ஒரு ஜெர்மன் கூப்பே. சாம்பல் நீலம். ஆட்டோ கியர். புஷ்பவள்ளி படத்தைப் பார்த்துவிட்டு, இதிலும் கதவு ரெண்டுதானே, நல்ல குடும்பத்துக்காரர்கள் மாதிரி நாலு கதவு வைத்து வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். நாலு கதவு ஓட்டுகிற வயசு எனக்கு இன்னும் வரவில்லை என்றார் அவர். ஐம்பத்தேழு முடிந்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

உண்மைக் காரணம் மூன்று மாதத்துக்கு முன்னால் பட்டறையில் ஆரம்பித்தது. இரும்பு கடைகிற இடம். கார்த்திகேசு முதலாளிதான் என்றாலும் இன்றைக்கும் மெஷின் பக்கத்தில்தான் நிற்பார். அன்று மத்தியானம் மேஸ்திரியாக இருக்கும் மண்டோர் முஸ்தஃபா வேலையை நிறுத்திவிட்டுத் தரையைக் காட்டினார். மெஷினிலிருந்து ஆபீஸ் ரூம்வரைக்கும், அங்கிருந்து கழிவறைவரைக்கும் சிவப்புச் சிவப்பாகத் தடம். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று கார்த்திகேசுதான் முதலில் சத்தம் போட்டார். பிறகு பார்த்தால் தடம் அவருடையது. விரல் நீள இரும்புச் சுருள் ஒன்று செருப்பைத் துளைத்து இடது பாதத்தில் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறார். முஸ்தஃபா அதைப் பிடுங்கும்போது முஸ்தஃபாவுக்குத்தான் கண் கலங்கியது.

கிளினிக்கில் டாக்டர் சலேஹா சின்னப் பெண், காமினி வயசுதான் இருக்கும். பதினைந்து வருஷச் சர்க்கரை வியாதி என்று எழுதிக்கொண்டார். பிறகு அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி, மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். நான் காலில் தொடும்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் பரீட்சை. கார்த்திகேசுவுக்குச் சின்ன வயசிலிருந்தே பரீட்சையில் தோற்பது ஆகாது. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டாக்டரின் சட்டைக்கை உரசுகிற சத்தம் கேட்டது. சத்தம் வரும்போதெல்லாம் ஆமாம் என்றார். கொஞ்சம் விட்டுவிட்டுச் சொன்னால் நம்பிக்கையாக இருக்கும் என்று, சத்தம் வராதபோதும் ஒரு தடவை ஆமாம் என்றார்.

“சாயா பெலும் செந்து லாகி, அங்கிள்,” என்றார் டாக்டர். நான் இன்னும் தொடவே இல்லை.

கண்ணைத் திறந்தார். டாக்டர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவரைக் குத்தியது. இரண்டு காலிலும் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது, ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்க்கிறவரை கார் ஓட்டவே கூடாது என்று சொல்லிக் கடிதம் கொடுத்தார். கார்த்திகேசு அதைப் பாதிதான் காதில் வாங்கினார். இடது கால் மோசம், அது கிளட்ச் கால். கிளட்சே இல்லாத கார் வாங்கினால் இடது காலுக்கு வேலையே இல்லை. வலது கால் நல்ல கால். முப்பது வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டுகிறவருக்கு எந்தப் பழுதும் ஒரு பாகத்தை மாற்றினால் தீருகிற பழுதுதான். படியிறங்குவதற்குள் முடிவு பண்ணிவிட்டார்.

ஹைதர் புதுக் காரின் சாவியைக் கொடுத்து, எதை அழுத்தினால் எது என்று காட்டிவிட்டு, கடைசியாகச் சொன்னார்: “ஸ்டார்ட் ஆயிருக்கா இல்லியானே தெரியாது அண்ணே. அவ்ளோ சைலண்ட்டு லா.”

அந்த மத்தியானம் அதை ஓட்டிக்கொண்டு தீவுக்குப் போகும் கடல் பாலத்துக்குத் திரும்பியபோதுதான் ஹைதர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது. உள்ளே சவப்பெட்டிக்குள் மாதிரி அமைதி. லாரி பக்கத்தில் போவது தெரிகிறது, சத்தம் இல்லை. சீட் நடுங்கவில்லை, ஸ்டியரிங் நடுங்கவில்லை. பழைய காரில் ஒரு அங்குலம் கூடுதலாக அழுத்தினால் முதுகுத்தண்டு வரைக்கும் அது வந்து சொல்லும். இரண்டாயிரம் சுற்று ஒரு ராகம், நாலாயிரம் இன்னொரு ராகம். இத்தனை மாதமாகத் தான் காலால் ஓட்டவில்லை, காதாலும் குண்டியாலும்தான் ஓட்டியிருக்கிறோம் என்று அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. வண்டி மெதுவாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். தற்செயலாக முள்ளைப் பார்த்தால் நூற்று முப்பத்தொன்று.

முன்னால் டோல். வரிசை நிற்கிறது. காலை எடுத்து பிரேக்கில் வைத்தார், வைத்ததாகத்தான் நினைத்தார். முன்னால் இருந்த வேன் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆணும் பெண்ணுமாய் ஒரு மோட்டார் சைக்கிள் வேனை ஒட்டிப் போனது. அந்தப் பெண் திரும்பி இவரைப் பார்த்தாள். குனிந்து காலைப் பார்த்தார். ஷூவின் பாதி பிரேக்கிலும் பாதி ஆக்ஸிலேட்டரிலும் இருந்தது. டக்கென்று காருக்குள் ஒரு மணி அலறியது, பெல்ட் நெஞ்சை இறுக்கியது, கார் தானாகவே நின்றுகொண்டது. வேனுக்கும் கார் மூக்குக்கும் ஒரு சாண். பின்னால் இருந்தவன் ஹாரனை அழுத்திப் பிடித்துத் தீர்த்தான். கார்த்திகேசுவுக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பாலத்தின் பாதிவரைக்கும் ஓரமாகவே ஊர்ந்து போனார். அதன் பிறகு, பரவாயில்லையே, காருக்கே புத்தி இருக்கிறதே, தானாக நின்றுவிட்டதே என்று ஒரு நினைப்பு வந்தது. ஜெலுத்தோங் போய்ச் சேருவதற்குள் அந்த நினைப்பு வளர்ந்து தைரியமாகிவிட்டது. மனுசன் தன்னை ஏமாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் எவனாலும் நிறுத்த முடியாது.

வெள்ளிக்கிழமை காருக்குப் பூஜை. காமினி ரெண்டு மணி ரயிலில் பட்டர்வொர்த் வந்து இறங்குகிறாள். பூஜை போட்ட கையோடு நேரே அவளைப் போய் அழைத்துவருவது, புதுக் காரின் முதல் சவாரி வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு என்பது கார்த்திகேசு ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மண்டபம், சாப்பாடு, ஏழு வகைச் சோறு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு வேலை, அவர் அன்றைக்குத்தான் வருவார். காலையிலேயே பூஜையை முடித்திருக்கலாம், புஷ்பவள்ளி விடவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம், அதற்கு முன்னால் குருக்களுக்கு ஒரு காதுகுத்து. ஆகவே பன்னிரண்டேகால். உச்சி வெயில். மழை பெய்து நாலு நாளாகியிருந்தது. கோயில் பக்கத்துத் தார் முற்றத்தில் கார் நின்றது. எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள்.

மாலை போட்டு, மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார் குருக்கள். அவரே ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் மந்திரம் சொன்னார். புஷ்பவள்ளி முழங்கால் வலியையும் மறந்து, கார் போட்டிருந்த ஒரு முழ நிழலுக்குள் போய் ஒட்டிக்கொண்டாள். தேங்காய் உடைக்க வந்த ஆள் உடைத்த கையோடு ஓடிவிட்டான். கார்த்திகேசு காருக்கு நேர் முன்னால், நடு முற்றத்தில், கைகூப்பிக் கண் மூடி நின்றார். மனசுக்குள் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். வலது காலை மட்டும் விட்டுவை தாயே. குழந்தை பிறந்து, அதைத் தூக்கி முன் சீட்டில் காமினி மடியில் வைத்து ஒரு தடவை எஸ்பிளனேட் பக்கம் கடலைக் காட்டிவிட்டு வருகிறேன், பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள். சாமியோடு பேரம் பேசுவதிலும் அவர் கெட்டிக்காரர்தான். பத்து நிமிஷம் அசையாமல் நின்றார்.

கோயில் செயலாளர் லோகேஸ்வரன் கீற்றுக் கொட்டகை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசன், எல்லோரையும் கேலி பண்ணுகிறவர்.

“அண்ணே, எங்களுக்கெல்லாம் கால் வேகுது. நீங்க என்ன லா ஏர்கான்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? இந்த வருஷம் தீமிதிக்கு நீங்கதான் முன்னாடி போவணும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். கார்த்திகேசு கண்ணைத் திறந்தார். சுற்றிப் பார்த்தார். குருக்கள் குதிக்கிறார், அர்ச்சனைத் தட்டு வைத்திருந்த பெண் குதிகாலில் நிற்கிறாள், யாரும் தாரில் முழுசாகக் கால் ஊன்றவில்லை, தான் மட்டும் நிற்கிறோம். அவர் உடனே ஒரு காலைத் தூக்கினார். பிறகு மறு காலைத் தூக்கினார். உஸ்ஸ் என்று வாயால் ஊதினார். “என்னா சூடு!” என்று சொல்லி நிழலுக்கு ஓடினார்.

காரின் நிழலிலிருந்து புஷ்பவள்ளி பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவர் ஓடியதைப் பார்த்தார்கள். அவள், லோகேஸ்வரன் சொன்ன பிறகுதான் ஓடினார் என்பதைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது கார்த்திகேசுவுக்குத் தெரிந்தது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் ஆகிறது, அந்த முகம் எப்போது மாறும் என்று தெரியாதா? அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். செருப்பு வாசலில் கிடந்தது. சாமி முன்னால் வெறும் காலோடுதான் காரைப் பழத்தின் மேல் ஏற்ற வேண்டும்.

மெதுவாக ஒரு சுற்று உருட்டுங்கள் என்று குருக்கள் முன்னால் நின்றுகொண்டே கற்பூரத் தட்டைக் காட்டினார். கார்த்திகேசு குனிந்து பார்த்துக் காலைச் சரியான இடத்தில் வைத்தார். நிமிர்ந்தார். அழுத்தினார். கார் நகரவில்லை. பார்க்கிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிற வண்டி, ஓரளவு அழுத்தினால்தான் விடும் என்று ஹைதர் சொல்லியிருந்தார். ஓரளவு என்றால் எவ்வளவு? கேட்டுச் சொல்ல இன்ஜின் சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அழுத்திய மாதிரியே இல்லை. இன்னும் கொஞ்சம்.

கார் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. குருக்கள் பக்கவாட்டில் விழுந்த வேகத்தில் தட்டு பறந்தது. அடுக்கிவைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் சடசடவென்று சரிந்து பானெட் மேல் விழுந்தன. கார் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கார் தானாக நின்றதா, தன் கால்தான் நிறுத்தியதா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு குருக்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, அடி ஒன்றும் இல்லை, அம்பாள் இருக்கா என்றார். புது வண்டி, பவர் ஜாஸ்தி, பழக நாள் ஆகும் என்று ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பழைய காரில் ஓட்டின கை சும்மா இருக்குமா என்றார் லோகேஸ்வரன். கார்த்திகேசுவும் சிரித்தார். குருக்களுக்குத் தட்சணையை இரண்டு மடங்காக வைத்தார்.

புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. வாசலில் போய் இரண்டு ஜோடிச் செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள். கோயிலைத் தாண்டி இரண்டு தெரு போனதும் ஓர் அங்சானா மரத்தடியில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தியதும் இறங்கிச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்தாள்.

“காலக் காட்டுங்க.”

அவர் என்னத்துக்கு என்றார். அவள் கதவைத் திறந்து, சாலையோரத் திண்டைப் பிடித்து, முனகிக்கொண்டே முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். இந்தப் பெண்மணிக்கு உட்காருவதற்கே இரண்டு மாத்திரை வேண்டும். அவர் இரண்டு காலையும் வெளியே நீட்டினார். வலது பாதத்தில் ஐம்பது காசு அகலத்துக்குக் கொப்புளம் கிளம்பி உடைந்திருந்தது. இடது பாதத்தில் தோல் வெள்ளையாகக் கழன்று தொங்கியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பேசினாள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

“அந்தப் பக்கம் பாருங்க. ரோட்டப் பாருங்க. இப்ப என் கை எங்க இருக்கு, சொல்லுங்க.”

கார்த்திகேசு ரோட்டைப் பார்த்தார். ஒரு பள்ளி பஸ் போனது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வளையல் சத்தம் வந்தமாதிரி இருந்தது. பெருவிரல் பக்கமாக இருக்கலாம், பெண்கள் முதலில் பெருவிரலைத்தான் பிடிப்பார்கள்.

“பெருவிரல்ல,” என்றார்.

திரும்பிப் பார்த்தார். அவளுடைய இரண்டு கைகளும் அவள் மடியில் கிடந்தன. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். இரும்புச் சுருள், நைலான் இழை, கடிதம், டோல், எல்லாம். சொல்லச் சொல்ல அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, மூச்சு விட முடிந்தமாதிரியும் இருந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து புண்ணைக் கழுவி, முந்தானையில் ஒற்றி, அவருடைய கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினாள். அப்போது காமினியிடமிருந்து செய்தி வந்தது. பரிட் புந்தார் தாண்டியாச்சு அப்பா, புதுக் காடியக் காட்டுங்க. கடைசியில் மூன்று சிரிப்பு முகங்கள்.

புஷ்பவள்ளி முதலில் சொன்னது கிராப் கார் கூப்பிடுவோம் என்றுதான். அது நியாயம். அதையே செய்திருக்க வேண்டும். ஆனால் அவர் கெஞ்சினார். இந்த மனுசன் எவரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பூஜை போட்ட வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு வாடகைக் காரில் போய் நின்றால் மகள் என்ன என்று கேட்பாள், நாம் என்ன சொல்வோம் என்று கேட்டார். அந்தக் கேள்விதான் புஷ்பவள்ளியை அடித்தது. அவர்கள் வீட்டில் ஒரு நல்ல காரியத்துக்குத் தேதி குறித்துவிட்டால் அதன் பிறகு நோய் பேசமாட்டார்கள், சாவு பேசமாட்டார்கள், ஆஸ்பத்திரி என்ற வார்த்தைகூட வராது. காமினிக்கு வயிற்றில் உண்டானதிலிருந்து புஷ்பவள்ளி பிரசவ அறையையே ‘அந்த எடம்’ என்றுதான் சொல்லி வந்தாள். மகளின் கையில் வளையல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால், அப்பாவுக்குக் கால் செத்துக்கொண்டிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

“ஞாயித்துக்கெழம முடியட்டும்,” என்றாள். “திங்கக்கெழம சாவிய என்கிட்ட குடுத்துடணும். அதுவரைக்கும் நீங்களும் வாயத் தொறக்காதீங்க, நானும் தொறக்கல.”

சரி என்றார். அவள் எழுந்து தன் பக்கம் போய் ஏறினாள். பெல்ட்டைப் போட்டாள். பிறகு போட்ட பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, முன்னால் குனிந்து, தலையை அவர் முழங்கால் பக்கமாகக் கொண்டுவந்தாள்.

“நீங்க ரோட்டப் பாருங்க. நான் காலப் பாக்குறேன்.”

அப்படித்தான் போனார்கள். ஆக்ஸிலேட்டருக்கு அவள் எண்ணெய் என்பாள், மலாய்க்காரர்கள் மின்யாக் என்பது மாதிரி. எண்ணெயில இருக்கு. கொஞ்சமா இருக்கு. இப்ப ஜாஸ்தி, எடுங்க. எடுத்தாச்சு. பிரேக்கு. பிரேக்குல முழுசா இருக்கு. ஒரு நிமிஷம்கூட வாய் ஓயவில்லை. முதல் சிக்னலில் அவருக்கு உயிர் போய் வந்தது. இரண்டாவது சிக்னலில் பழகிவிட்டது. பாலத்தில் ஏறியபோது கார்த்திகேசுவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையை இத்தனை ஒற்றுமையாகச் செய்ததே இல்லை. இரு பக்கமும் கடல் தகதகவென்று கிடந்தது. பாலத்தின் நடு மேட்டில் ஏறும்போது, “எண்ணெயில, அப்பிடியே வெச்சிருங்க, நல்லா இருக்கு,” என்றாள் அவள். அந்த நல்லா இருக்குவில் ஒரு கர்வம் இருந்தது. இப்படியே ஞாயிறுவரைக்கும் ஓட்டிவிடலாம், ஏன், குழந்தை பிறக்கிறவரைக்கும்கூட ஓட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவளுக்கும் அதேதான் தோன்றியிருக்கும். முதுகு வலிக்கிறதா என்று கேட்டார். பேசாம ஓட்டுங்க என்றாள். ஒரு டயரில் எலுமிச்சம்பழத் தோல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு தடவை எங்கோ அடியில் தப் தப் என்று கேட்டது. அந்தக் காரில் கேட்ட சத்தமே அது ஒன்றுதான்.

பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்குத் திரும்பும் வளைவில் அந்தச் சத்தமும் விட்டுப்போனது. ரயில் முன்னாலேயே வந்திருந்தது. ஆட்களை ஏற்றுகிற பாதையில் கார்கள், டாக்ஸிகள், பெட்டியை இழுத்துக்கொண்டு குறுக்கே போகிறவர்கள். கார்த்திகேசு இருபதில் ஊர்ந்தார். பிரேக்குல, எண்ணெயில, மறுபடி பிரேக்குல என்று கீழேயிருந்து குரல் வந்துகொண்டேயிருந்தது. முப்பதடி தள்ளிப் பாதையோரத்தில் காமினி நிற்பதைப் பார்த்துவிட்டார். மஞ்சள் பஞ்சாபி சூட். பெட்டி காலடியில். ஏழு மாசத்துக்கு வயிறு நன்றாகவே இறங்கியிருந்தது. அவளும் காரைப் பார்த்துவிட்டாள். மாலை, சந்தனப் பொட்டு எல்லாவற்றோடும் அதை எடுத்துவைக்க ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திண்டிலிருந்து இறங்கி, காருக்கு நேர் முன்னால் நடந்து வந்தாள். ஃபோனுக்குள்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா!”

கண்ணாடி மூடியிருந்தும் அந்தக் குரல் கேட்டது. நாலு மாசமாக நேரில் கேட்காத குரல். கீழே, பேச்சு பாதியில் நின்றது.

கார்த்திகேசு அழுத்தினார். அழுத்தியதாக நினைத்தார். கார் நிற்கிறதா, போகிறதா என்று தெரியவில்லை. அது அவ்வளவு அமைதியாக இருந்தது.

“புஷ்பா,” என்றார். “கால் எங்க இருக்கு?”

புஷ்பவள்ளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் நனைய, வாயெல்லாம் சிரிப்பாக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, மறு கையில் ஃபோனை உயர்த்தி, இன்னும் கிட்ட வாங்க, இன்னும் கிட்ட வாங்க என்று தலையாட்டினாள்.